மூஞ்சி பார்க்காத ஓட்டு

“சிவப்பு பல்பு எதுக்குன்னா, கருகினது கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுக்குத்தான்.”

இப்படிச் சொன்னது நாக்கு. சொன்ன இடம் சாப்பாட்டு மேஜைக்கு மேல. மேஜை மேல ஸ்டூல், ஸ்டூல் மேல அவர், அவர் கையில சிவப்பு பல்பு. கீழ நின்னு ஸ்டூல் காலைப் பிடிச்சுக்கிட்டிருந்த வீட்டம்மா கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில். அவங்க அதைக் கொஞ்ச நேரம் மென்னு பார்த்தாங்க.

“ஓட்டுல கருகிப் போறதுக்கு என்னங்க இருக்கு?”

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“சரி, முறைப்படியே விழுந்துடாதீங்க.”

நாக்குங்கிறது அவர் பேரு இல்ல. பிஸ்கட் ஃபாக்டரியில வெச்ச பேரு. அங்க ருசி பார்க்கிற ரூமுக்கு அவர்தான் சூப்பர்வைசர், பதினேழு வருஷமா. ஒரு பிஸ்கட்டைக் கடிச்சாப் போதும், மாவு எத்தனை நாள் மூட்டையில தூங்குச்சு, அடுப்புக்காரர் எத்தனை நிமிஷம் தூங்கினார்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லிடுவார். அப்பேர்ப்பட்ட நாக்கு, வீட்டு வாசப்படி தாண்டினா ஒரே ஒரு வார்த்தைதான் பேசும். ‘சரி.’ செருப்பைக் கழட்டும்போது ஒரு சரி. கட்டில்ல படுக்கும்போது ஒரு சரி. தூக்கத்துல ஒருநாள் யாரோ ஏதோ கேட்ட மாதிரி மூணு தடவை ‘சரி, சரி, சரி’ன்னாராம். வீட்டம்மா எழுப்பி, எதுக்கு சரின்னு கேட்டிருக்காங்க. தெரியலைன்னார். பரவாயில்லை, நான் ஏதாவது யோசிச்சு வெக்கிறேன்னுட்டு அவங்க தூங்கிட்டாங்க.

இந்த சரி எங்கேருந்து வருதுங்கிறதை அவர் ஃபாக்டரியிலதான் கண்டுபிடிச்சார். ஒரு காலத்துல அங்க ஆறு பேரும் வட்டமா உட்கார்ந்து ருசி பார்ப்பாங்க. ஒருநாள் மேனேஜருக்கு ஜலதோஷம். சர்க்கரை விழ வேண்டிய இடத்துல உப்பு விழுந்த பிஸ்கட் அது. வாயில போட்டு, பிரமாதம்னார். அடுத்தவர் மேனேஜர் மூஞ்சியைப் பார்த்தார், பிரமாதம்னார். மூணாவது ஆளுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. ரொம்பப் பிரமாதம்னு சமாளிச்சுட்டார். நாக்கு ஆறாவது ஆள். அவரும் பிரமாதம்னார். அது கூடப் பெரிசில்ல. அப்படிச் சொன்னதும் அந்த உப்பு நிஜமாவே லேசா இனிச்சுதாம். அதுதான் அவரை உலுக்கிப்புடுச்சு. வாய் பொய் சொல்லலாம், ஆனா நாக்கே ஆளைப் பார்த்து மாறுமான்னு ஒரு வாரம் சரியாச் சாப்பிடலை.

லாரியில போன பிஸ்கட் லாரியிலயே திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம் வந்ததுதான் கூண்டு. ஆளுக்கொரு பிளைவுட் தடுப்பு. பக்கத்து ஆள் மூஞ்சி தெரியாது. தட்டுல பிஸ்கட் பேர் இருக்காது, மூணு இலக்க நம்பர்தான். நிறத்தைப் பார்த்து ஏமாறாம இருக்கச் சிவப்பு வெளிச்சம். ஒரு பிஸ்கட்டுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒரு மடக்குத் தண்ணி. பேச்சு கூடாது, ‘ம்’ கூடாது, புருவம் அசையக் கூடாது, சென்ட் கூடாது. மொத்தம் பதினோரு விதி. எழுதினது நாக்கு. அந்த ரூமுக்குள்ள மனுஷன் ராஜா.

அவர் பொண்ணு காலேஜ்ல மூளையைப் பத்திப் படிக்கிறவ. ஒருநாள் சாப்பிடும்போது அவ சொன்ன விஷயம்தான் எல்லாத்துக்கும் ஆரம்பம். நாலு பேர் ஒண்ணு சொல்லி நாம வேற ஒண்ணு சொன்னா, தப்புப் பண்ணும்போது அடிக்கிற மணி மூளைக்குள்ள அடிக்குதாம். அவங்களோட ஒத்துப் போயிட்டா, பிடிச்சதைத் தின்ன மாதிரி மூளைக்கு ஒரு குஷியாம். அதனால நாம நிறைய நேரம் யோசிச்சு முடிவெடுக்கிறதில்ல, மணிச் சத்தம் தாங்காம முடிவெடுக்கிறோமாம்.

நாக்கு கையைத் தட்டுலயே வெச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டார். “அப்ப நான் இருபத்திரண்டு வருஷமா இந்த மேஜையில தின்னது அந்தக் குஷியைத்தானா”ன்னார். வீட்டம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. சாப்பாடும் நல்லா இருக்குன்னு உடனே சேர்த்துக்கிட்டார்.

அந்த வாரமே மச்சான் விஷயம் வந்துச்சு.

மச்சான்னா வீட்டம்மாவோட அண்ணன். அவருக்கு இந்த வீட்டுல வெச்ச பேரு ஆலோசனை. கேட்டாலும் சொல்வார், கேக்கலைன்னாலும் சொல்வார், கேக்காததுக்கு மன்னிச்சும் விடுவார். ஒரு தடவை நாக்கு குடை வாங்கப் போன இடத்துல மச்சான் கூட நின்னுட்டார். திரும்பி வரும்போது நாக்கு உடம்புல முழங்காலுக்குக் கீழ தொங்குற மழைக்கோட்டு. குடைங்கிறது எவ்வளவு ஆபத்தான பொருள்னு தெருவெல்லாம் விளக்கிக்கிட்டே வந்தார். நாலு நாள் கழிச்சு மச்சான் வந்து பார்த்துட்டு, யாராவது இதைப் போடுவாங்களா, குடை வாங்கியிருக்கலாமேன்னார். அதானே, எனக்கும் அப்படித்தான் தோணுச்சுன்னார் நாக்கு. இதுல அதிசயம் என்னன்னா, நிஜமாவே அவருக்கு அப்படித்தான் தோணியிருந்துச்சு, அந்த நிமிஷத்துலேருந்து.

இந்த மச்சான் வீட்டை இடிச்சுக் கட்டறார். ஒரு வருஷம் ஆகும்னு மேஸ்திரி சொன்னாராம். மேஸ்திரிக்கும் மச்சான் ஆலோசனை சொல்வார்ங்கிறதால அது மூணு வருஷம் ஆகும்னு நாக்கு மனசுக்குள்ள கணக்குப் போட்டார். அதுவரைக்கும் அவர் தங்க ஒரு இடம் வேணும். நம்ம மாடி ரூம் சும்மாதானே கிடக்குன்னாங்க வீட்டம்மா.

சும்மாவா கிடக்கு? அந்த ரூம்ல ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு ரேடியோ, ஒரு ஜன்னல். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் நாக்கு அங்கதான். ஜன்னலைத் திறக்கலாமா, சாத்தலாமா? அவரே கேப்பார், அவரே பதில் சொல்வார், அவரே எழுந்து போய் திறப்பார். சில நாள், தப்புன்னு தோணி அவரே சாத்துவார். இந்தப் பூமியில அவர் மூளை தனியா வேலை பார்க்கிற இடம் அந்தப் பத்துக்குப் பத்து ஒண்ணுதான். அதுல மச்சான் வந்து உட்கார்ந்தா ஜன்னலே அவரைக் கேட்டுட்டுத்தான் திறக்கும்.

முடியாதுன்னு சொல்லிடணும்னு வாயைத் திறந்தார். வீட்டம்மா புருவம் ஒரு நூல் அளவு ஏறுச்சு. வாய்க்குள்ள ‘ச’ வந்துடுச்சு. பல்லைக் கடிச்சு ‘ரி’யை உள்ளயே நிறுத்திட்டு, “சனிக்கிழமை பேசலாம்”னார். இருபத்திரண்டு வருஷத்துல அது ஒரு சாதனை.

மறுநாளே ரகசியமா வேலையை ஆரம்பிச்சார். முதல்ல அப்பா. அவர் அப்பா ரயில்வேயில டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிடையர் ஆனவர், வாசல் ரூம்ல இருக்கார். கதவைச் சாத்திட்டு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, ஏம்பா, அந்தாளு வந்து உட்கார்ந்தா நமக்கெல்லாம் தொல்லைதானேன்னு கேட்டார். அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, தொல்லைதாண்டா, பெரிய தொல்லைன்னார். அடுத்தது பொண்ணு. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து போய், மாமா வந்தா உன் படிப்பு என்ன ஆகுமோன்னு கவலையா இருக்கும்மான்னார். ஆமாம்பா, எனக்கும் கவலைதான்னா அவளும்.

ஆக மூணுக்கு ஒண்ணு. எல்லாரும் தன் பக்கம். வெளியில சொல்ல விடாம தடுக்கிறது ஒரே ஒரு புருவம். அந்தப் புருவத்தை மறைச்சுட்டா நியாயம் தானா வெளியில வரும். மறைக்கிற வித்தை தெரிஞ்ச ஆள் யாரு? ஊரே நாக்குன்னு கூப்பிடற ஆள்.

சனிக்கிழமை காலையில அறிவிச்சார். மாடி ரூம் விஷயம் ஓட்டுக்கு விடப்படும். ஃபாக்டரி முறை. யாரும் யார் மூஞ்சியையும் பார்க்காம, அவங்கவங்க மூளை சொல்றதை மட்டும் எழுதணும். வீட்டம்மா ஒத்துக்கமாட்டாங்கன்னு நினைச்சு நாலு பதில் தயாரா வெச்சிருந்தார். அவங்க, நல்ல யோசனையா இருக்கே, ஸ்டூலை நான் பிடிக்கட்டுமான்னாங்க. அந்த வேகத்தைப் பார்த்தே மனுஷன் உஷாராகியிருக்கணும். ஆகலை.

மத்தியானத்துக்குள்ள சாப்பாட்டு ரூம் மாறிடுச்சு. பக்கத்து வீட்டுல ஃப்ரிட்ஜ் வாங்கின அட்டைப் பெட்டியை வெட்டி நாலு கூண்டு. மேல சிவப்பு பல்பு. சுவர்ல பதினோரு விதியும் பெரிய எழுத்துல. ஜன்னலுக்கெல்லாம் போர்வை. அப்பா உள்ள வந்து பார்த்துட்டு, எக்ஸ்ரே எடுக்கவான்னு கேட்டார். அவர் நெத்தியில தைலம் தடவியிருந்ததால நாலாவது விதிப்படி திருப்பி அனுப்பப்பட்டு, மூஞ்சி கழுவிட்டு வந்தார்.

ஆளுக்கு ரெண்டு தட்டு, மூடி போட்டு. ஒரு தட்டுக்குள்ள 417னு நம்பர் போட்ட சீட்டு: ‘மாடி ரூம் இப்போது உள்ளபடியே இருக்கும்.’ இன்னொண்ணுல 862: ‘மாடி ரூமில் உறவினர் ஒருவர் தங்குவார்.’ ஒண்ணைப் படிச்சுட்டு ஒரு மடக்குத் தண்ணி, அப்புறம் அடுத்தது. தண்ணி எதுக்குன்னு பொண்ணு கேட்டா. முதல் கருத்து நாக்குல ஒட்டியிருக்கக் கூடாதுன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா சிரிப்புக்கும் ஒரு விதி இருந்துச்சு.

எல்லாரும் உட்கார்ந்தாச்சு. நாக்கும் தன் கூண்டுல உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். அட்டைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வீட்டம்மா குரல் மட்டும் வந்துச்சு.

“ஏங்க, இந்த ஏழாவது விதி கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். கண்ணாடி போடலை.”

நாக்கு எழுந்து போய் சுவரைப் பார்த்து, பள்ளிக்கூடத்துல படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிச்சார்: “மாதிரிகளுக்கு நம்பர் போட்டவர் ருசி பார்ப்பதில் கலந்துகொள்ளக் கூடாது.”

“நம்பர் போட்டது யாருங்க?”

சிவப்பு வெளிச்சத்துல நாக்கு மூஞ்சி எந்த நிறம்னு யாருக்கும் தெரியலை. அதுவும் நல்லதுக்குத்தான்.

“இது வீடு. இங்க அதெல்லாம் அவ்வளவு கறாரா பார்க்க வேண்டியதில்ல”ன்னார்.

“அப்ப வேற யாரையாவது நம்பர் போடச் சொல்லுவோம். நான் வேணா போடட்டுமா?”

அவர் வேகமா யோசிச்சார். இதைவிடப் பெரிய தப்பு வேற இல்ல, பேனாவை அவங்க கையில கொடுக்கிறது. அவங்க ஓட்டு போனாலும் சீட்டுல என்ன எழுதி வெப்பாங்களோ. பொண்ணு போட்டா அவ ஓட்டு போயிடும். அப்பா போட்டா அப்பா ஓட்டு போயிடும். தன் ஓட்டை விட்டாலும் ரெண்டுக்கு ஒண்ணு, ஜெயம் தன் பக்கம். போனா போகட்டும். இந்த ஃபாக்டரி ஆளுங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும், தான் எழுதின விதின்னா உயிரை விடுவாங்க. நாக்கு பென்சிலை மேஜையில வெச்சுட்டு, கூண்டை விட்டு வெளியில வந்து, கையைக் கட்டிக்கிட்டு நின்னார். விதி எல்லாருக்கும் பொதுன்னு கம்பீரமாச் சொன்னார். அப்பா அட்டைக்குப் பின்னாலேருந்து கைதட்டினார். அதுக்கும் ஒரு விதி இருக்குன்னு நாக்கு எச்சரிச்சார்.

மூணு பேரும் எழுதினாங்க. தண்ணி குடிச்ச சத்தம் மட்டும் கேட்டுச்சு. மடிச்ச சீட்டு மூணும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள்ள விழுந்துச்சு. நாக்கு டப்பாவைக் குலுக்கி, முதல் சீட்டைப் பிரிச்சார். 862. இது தெரிஞ்சதுதான், வீட்டம்மா சீட்டு. லேசாச் சிரிச்சுக்கிட்டே ரெண்டாவதைப் பிரிச்சார். 417. அப்பா பக்கமாப் பார்த்து ஒரு தலையாட்டல். மூணாவதைப் பிரிச்சார். 862.

சீட்டைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாப் பிடிச்சாலும் அது 417 ஆகலை.

ரெண்டுல ஒருத்தர் காலை வாரியிருக்காங்க. ஜன்னல் போர்வையை விலக்கிட்டு, முதல்ல பொண்ணைப் பார்த்தார். அவ தரையைப் பார்த்தா.

“நான் 862ப்பா.”

“பஸ் ஸ்டாப்ல கவலையா இருக்குன்னியே?”

“நீங்க கவலையா நடந்து வந்தீங்க, நான் எப்படிப்பா சந்தோஷமா நடக்கறது? அதான் நான் சொன்னேன்ல, அந்த மணி.” அப்புறம் காரணத்தையும் சொல்லிட்டா. படிப்பு முடிஞ்சதும் வெளியூர் போய் மேல படிக்கணுமாம். நாக்கு முடியாதுன்னு சொல்வார்னு பயமாம். மாமா வீட்டுலயே இருந்தா பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை சொல்வார். “அவர் சொன்னா நீங்க எதுக்கும் சரின்னுடுவீங்க.”

நாக்கு அந்த 862 சீட்டை மடிச்சு டப்பாவுக்குள்ள போட்டார். ஆனாலும் ஒரு ஆறுதல். அப்ப அந்த ஒரு 417 அப்பாதான். பெத்தவர்னா பெத்தவர்தான். அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டார்.

அப்பா கையை மெதுவா உருவிக்கிட்டார். “நானும் அந்த எட்டு நூத்திச் சொச்சம்தாண்டா.”

“தொல்லைன்னீங்களேப்பா. பெரிய தொல்லைன்னீங்க.”

“நீ மூஞ்சியை அப்படி வெச்சுக்கிட்டு, தொல்லைதானேன்னு கேட்டே. இல்லைன்னா அழுதுடுவே போல இருந்துச்சு. நான் என்ன சொல்றது?” அப்பா தொண்டையைச் செருமிக்கிட்டார். “அந்தப் பையன் கேரம் ஆடுவான். நான் எப்படி அடிக்கணும்னு நிறைய சொல்வான், அவன் சொன்னபடி அடிச்சா காய் விழறதில்ல, நான் என் பாட்டுக்கு அடிச்சா விழுது. அவன் ஒருத்தன்கிட்டதான் நான் ஜெயிக்கிறேன்.”

நாக்கு நாற்காலியில உட்கார்ந்தார். இத்தனை நாளா வீட்டம்மா புருவத்துக்குப் பயந்துதான் எல்லாரும் வாயை மூடிக்கிட்டிருக்காங்கன்னு நினைச்சார். கடைசியில வாயை மூட வெச்சது இவர் தொங்கப் போட்ட மூஞ்சி. அந்த மூஞ்சி தெரியாதபடி அட்டை வெட்டி, பசை தடவி, நிறுத்தி வெச்சதும் இவரே.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் இன்னொரு கணக்கு அவருக்கு உறைச்சுது. பொண்ணு 862. அப்பா 862. அப்ப அந்த 417?

மெதுவாத் திரும்பிப் பார்த்தார். வீட்டம்மா தட்டுகளை அடுக்கிக்கிட்டிருந்தாங்க.

“என்னைப் பார்க்காதீங்க. நான் உங்களுக்குத்தான் போட்டேன்.”

“நீயா? உன் அண்ணனை வேண்டாம்னா?”

“உங்க ரூம். நீங்க ஞாயித்துக்கிழமை உட்கார்ற இடம். எனக்குத் தெரியாதா?” தட்டுமேல தட்டு வெச்சாங்க. “என்னமோ நான் என் அண்ணனை இழுத்துக்கிட்டு வந்து உங்க தலைமேல வெச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க. உங்க அப்பாவும் உங்க பொண்ணும் கேட்டா நான் என்ன பண்றது? எனக்கும் வருத்தம்தான்.”

நாக்கு கோபப்படறதுக்கு ஆள் தேடினார். அப்பா மேல கோபப்பட முடியாது, வயசானவர். பொண்ணு மேல முடியாது, படிக்கிற பொண்ணு. மிச்சம் இருந்தது வீட்டம்மா ஒருத்தர். அவங்கதான் அந்த வீட்டுலயே தன் பக்கம் நின்ன ஒரே ஆள். அவங்ககிட்ட போய் என்ன கோபம்? தேங்க்ஸ்னார். பரவாயில்லைன்னாங்க அவங்க, பெருந்தன்மையா.

அப்பத்தான் வாசல்ல ஒரு வண்டி வந்து நின்ன சத்தம். பலகை இறங்குற சத்தம். யாரோ யாருக்கோ, கயித்தை இப்படி அவுக்கக் கூடாது, அப்படி அவுக்கணும்னு சொல்ற சத்தம்.

“ஓட்டு இப்பத்தானே எண்ணினோம்”னார் நாக்கு.

“சாமான் கட்டவே ரெண்டு நாள் ஆகும்ல”ன்னாங்க வீட்டம்மா.

“மாப்பிள்ளை”ன்னு வாசல்லேருந்து மச்சான் குரல். “வந்து பீரோவை ஒரு முனை பிடிங்க.”

நாக்கு எழுந்து போனார். பீரோவைச் சுத்தி வந்து பார்த்தார். கால் பக்கம் பிடிச்சாத்தான் படியில திருப்ப முடியும்னு அவருக்குத் தோணுச்சு. மச்சான் தலைப் பக்கத்தைக் காட்டினார். பார்த்தா, அதுதான் சரியா இருந்துச்சு.